பால் தேத்தண்ணியும் காலை பஸ்ஸும்

கேள்வி:

டொக்டர் ஐயா, எனக்கு 38 வயது. மாத்தளை டவுனில் ஒரு தமிழ்ப் பாடசாலையில் படிப்பிக்கிறேன். பிறந்து வளர்ந்தது எல்கடுவப் பக்கம் ஒரு தோட்டத்தில். கல்யாணம் முடித்து வந்தது உக்குவளைக்கு. காலை ஐந்தரைக்கு மாமி பால் தேத்தண்ணி ஊற்றித் தருவார். ஆறரைக்கு பஸ் ஏறுவேன். டவுனுக்கு வருவதற்குள் வயிறு ஊதி, பக்கத்தில் இருப்பவருக்குக் கேட்கும் அளவுக்குக் குடல் சத்தம் போடும். சில நாள் பாடசாலை கேற்றைத் தாண்டியதும் நேரே மலசலகூடத்துக்கு ஓட வேண்டியிருக்கும். பத்து வருடமாக ‘கெஸ்ட்ரைட்டிஸ்’ என்றே மருந்து குடிக்கிறேன். கொழுப்பால்தான் வருகிறது என்று ஒருவர் சொன்னதால் கொழுப்பு நீக்கிய பால்மாவுக்கு மாறினேன். இன்னும் மோசமானது. அண்மையில் பார்மசியில் ஒருவர், இது லக்டோஸ் ஒத்துக்கொள்ளாத வயிறாக இருக்கலாம் என்றார்.

இது நோயா? பாலை நிறுத்தினால் எலும்பு தேய்ந்துவிடுமா? தயிர் சாப்பிட்டால் எனக்கு ஒன்றும் செய்வதில்லை, அது எப்படி? ஒன்பது வயது மகனும் இப்போது பால் குடித்தால் வயிற்றைப் பிடிக்கிறான். மாமி மனம் நோகாமல் பால் வேண்டாம் என்று எப்படிச் சொல்வது? அதோடு, என் தங்கை ஆறு மாதக் கர்ப்பிணி. கிளினிக்கில் கொடுத்த கல்சியம் லக்டேற் மாத்திரையில் ‘லக்’ என்று இருப்பதால், தனக்கும் என் வயிறுதான் என்று பயந்து அதை நிறுத்தி வைத்திருக்கிறாள். பதில் சொல்லுங்கள் ஐயா.

— ஓர் ஆசிரியை, உக்குவளை

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

கடைசியாகக் கேட்டதற்கு முதலில் பதில் சொல்கிறேன். அதுதான் அவசரம். இன்றைக்கே தங்கைக்குப் போன் பண்ணி, அந்த மாத்திரையைத் திரும்பக் குடிக்கச் சொல்லுங்கள். லக்டேற் வேறு, லக்டோஸ் வேறு. தயிரைப் புளிக்க வைக்கும் லக்டிக் அமிலத்தின் உப்புத்தான் லக்டேற். லக்டோஸ் என்பது பாலில் உள்ள சர்க்கரை. இரண்டு பெயரும் பால் எனப் பொருள்படும் ஒரே வேர்ச்சொல்லிலிருந்து வந்ததால் ஒன்றுபோல் ஒலிக்கின்றன. சில மாத்திரைகளில் உருவம் கொடுப்பதற்காகக் கொஞ்சம் லக்டோஸ் சேர்ப்பதுண்டு. அது கிராம் கணக்கில் எடுக்க முடியாத துளி. எந்த வயிறும் அதைக் கண்டுகொள்ளாது. வயிற்றில் ஒரு பிள்ளையின் எலும்பு வளரும் மாதங்களில், பெயரைப் பார்த்துப் பயந்து மாத்திரையை நிறுத்தியதுதான் உங்கள் கடிதத்தில் எனக்கு அதிகம் கவலை தந்த செய்தி. இரும்புச்சத்து மாத்திரையையும் கல்சியத்தையும் ஒரே நேரத்தில் விழுங்காமல், கிளினிக் மிட்வைஃப் சொன்ன நேரப்படி பிரித்துக் குடிக்கட்டும்.

இனி உங்கள் வயிற்றுக்கு வருவோம்.

பாற்சர்க்கரையான லக்டோஸ், குளுக்கோஸும் கலக்டோஸும் கைகோத்த ஓர் இரட்டைச் சர்க்கரை. அப்படியே அது இரத்தத்தில் சேராது. சிறுகுடலின் உட்சுவரில் சுரக்கும் லக்டேஸ் என்ற நொதியம் அதை இரண்டாக வெட்டித் தர வேண்டும். கைக்குழந்தையாக இருக்கையில் ஏறக்குறைய எல்லோருக்கும் இந்த நொதியம் தாராளமாகச் சுரக்கும். தாய்ப்பாலில் லக்டோஸ் 7 வீதம், பசுப்பாலில் 5 வீதத்துக்குச் சற்றுக் குறைவு. பால்குடி மறந்த பிறகு, உலகத்தில் பெரும்பாலான மனிதருக்கு லக்டேஸ் படிப்படியாகக் குறைந்துவிடும். வெட்டப்படாத சர்க்கரை பெருங்குடலுக்கு இறங்கும். அங்கே இரண்டு காரியம் நடக்கும். உப்புப் போட்ட மாங்காய் நீர் விடுவதைப் போல, சர்க்கரை குடலுக்குள் தண்ணீரை இழுக்கும். அங்குள்ள பக்டீரியாக்கள் அந்தச் சர்க்கரையைத் தின்று, இரவில் வைத்த தோசை மா பொங்குவதுபோல் வாயுவைக் கிளப்பும். ஊதலும் சத்தமும் வாயுவால் வருபவை, ஓட்டம் தண்ணீரால் வருவது. குடித்து அரை மணியிலிருந்து இரண்டு மணி நேரத்துக்குள் பெரும்பாலும் இது தொடங்கும். ஐந்தரைத் தேத்தண்ணி உங்களைச் சரியாக பஸ்ஸில் பிடிப்பது அதனால்தான்.

இது நோயா என்று கேட்டீர்கள். இல்லை. இது நம்மில் பெரும்பாலானோரின் இயல்பு. 1977 இல் இலங்கையரைப் பற்றி வெளியான ஓர் ஆய்வில், சோதிக்கப்பட்ட பத்துப் பேரில் ஏழு பேருக்கு மேல் லக்டேஸ் குறைவாக இருந்தது. 1981 இல் இந்தியாவில் செய்த ஆய்வில், டில்லியில் 27.4 வீதமானோருக்குத்தான் லக்டோஸ் ஒத்துக்கொள்ளவில்லை. தென்னிந்திய மையங்களில் 66.6 வீதமானோருக்கு. வளர்ந்த பிறகும் லக்டேஸ் சுரக்க வைக்கும் மரபணு மாற்றம் ஒன்றை 2002 இல் பின்லாந்துக்காரர் கண்டுபிடித்தார்கள். மாடு மேய்த்துப் பாலை நம்பி வாழ்ந்த கூட்டங்களில் பரவிய மாற்றம் அது. இந்தியாவின் வடமேற்கில் அது அடர்த்தியாக இருக்கிறது. தெற்கும் கிழக்கும் வர வர மெலிகிறது. திருச்சியிலிருந்தும் மதுரையிலிருந்தும் இராமநாதபுரத்திலிருந்தும் புறப்பட்டு, மன்னாரில் இறங்கி, தம்புள்ளைக் காட்டு வழியாக மாத்தளைக்கு நடந்தே வந்த நம் முன்னோர், இந்த வயிற்றையும் கூடவே கொண்டுவந்தார்கள். எனக்கும் அதே வயிறுதான் வாய்த்திருக்கிறது.

கொழுப்பு நீக்கிய பால்மாவுக்கு மாறியதும் ஏன் மோசமானது என்பதைக் கட்டாயம் சொல்ல வேண்டும். இந்தத் தவறைப் பலர் செய்கிறார்கள். பால்மாவிலிருந்து கொழுப்பை எடுத்தால், அந்த இடத்தை மற்றவை நிரப்பும். முழு ஆடைப் பால்மாவில் நூறு கிராமுக்கு ஏறத்தாழ 38 கிராம் லக்டோஸ். கொழுப்பு நீக்கியதில் பாதிக்குப் பாதி, அதாவது 50 கிராமை ஒட்டி. மாமி குவித்துப் போடும் மேசைக்கரண்டி ஒன்று சுமார் பத்துக் கிராம் என்று வைத்துக்கொள்ளுங்கள். இரண்டு கரண்டி என்றால் முன்பு ஏழெட்டுக் கிராம் லக்டோஸ் குடித்தீர்கள். மாறிய பிறகு பத்துக் கிராம். அதோடு, கொழுப்பு இருந்தால் இரைப்பையிலிருந்து உணவு மெதுவாக இறங்கும். அது போனதும் சர்க்கரை இன்னும் வேகமாகக் குடலுக்குப் போய்விட்டது. பாலைக் கொதிக்க வைத்தாலும் லக்டோஸ் குறையாது. ஆட்டுப்பாலுக்கு மாறினாலும் பெரிய வித்தியாசம் இல்லை, அதிலும் நான்கு வீதத்துக்கு மேல் இருக்கிறது.

இந்தக் கணக்கில் நல்ல செய்தியும் இருக்கிறது. லக்டேஸ் குறைந்தவர்களிலும் பெரும்பாலானோர் ஒரு நேரத்தில் 12 கிராம் வரை, அதாவது ஒரு கிளாஸ் பாலளவு, பெரிய தொல்லையில்லாமல் தாங்குகிறார்கள். சாப்பாட்டோடு சேர்த்து, நாளில் இரண்டு மூன்று முறையாகப் பிரித்தால் இன்னும் கொஞ்சம் கூடவும் தாங்கலாம். எல்லை ஆளுக்கு ஆள் மாறும். உங்களுக்கு அது கொஞ்சம் தாழ்ந்திருக்கிறது. வெறும் வயிறு, பஸ்ஸைப் பிடிக்கும் அவசரத்தில் ஒரே மூச்சில் குடிப்பது, எல்லாம் சேர்ந்து அதை இன்னும் தாழ்த்துகின்றன. ஆகவே பாலை அடியோடு ஒதுக்கத் தேவையில்லை. உங்கள் அளவைக் கண்டுபிடித்தால் போதும்.

லக்டோஸ்தான் காரணமா என்று அறிய மூச்சுக்காற்றில் ஹைட்ரஜனை அளக்கும் பரிசோதனை ஒன்று உண்டு. எல்லா ஊரிலும் கிடைக்காது. வீட்டிலேயே செய்யக்கூடிய வழி இருக்கிறது. பாடசாலை விடுமுறை தொடங்கும்போது, இரண்டு வாரத்துக்குப் பால், பால்மா, ஐஸ்கிரீம், ரின்பால், பால்டொஃபி எல்லாவற்றையும் முழுதாக நிறுத்துங்கள். பைக்கற்றில் வரும் சாமான்களின் பின்பக்கத்தை வாசியுங்கள். கிரீம் பிஸ்கட், மோல்ட் பானம், சொக்லேட், சூப் தூள், மூன்றும் ஒன்றாய்க் கலந்த கோப்பிப் பைக்கற்று என்று பலவற்றில் பால்மா, பாற்திண்மம், வே பவுடர் என்ற பெயர்களில் லக்டோஸ் ஒளிந்திருக்கும். கர்ப்பிணிகளுக்கும் பிள்ளைகளுக்கும் தரும் திரிபோஷாவிலும் சோளம், சோயாவோடு பால்மா சேர்கிறது. இரண்டு வாரத்தில் வயிறு அமைதியானால், வீட்டில் இருக்கும் ஒரு நாள் பகல் சோற்றுக்குப் பிறகு கால் கிளாஸ் பால் குடித்துப் பாருங்கள். இரண்டு நாள் விட்டு அரைக் கிளாஸ். பிறகு முக்கால். எந்த இடத்தில் வயிறு முறையிடுகிறதோ, அதற்கு ஒரு படி கீழே உங்கள் அளவு. நிறுத்தியும் அமைதியாகாவிட்டால் காரணம் வேறு என்று பொருள். உங்கள் அளவு தெரிந்தபின் அதையே நாள் தவறாமல் எடுத்துவந்தால், பெருங்குடல் பக்டீரியாக்கள் சில வாரங்களில் பழகி, வாயு குறைவதும் உண்டு. லக்டேஸ் அப்படியேதான் இருக்கும், பழகிக்கொள்வது பக்டீரியாக்கள்.

தயிர் உங்களுக்கு ஒத்துக்கொள்வது தற்செயல் இல்லை. பால் உறையும்போது பக்டீரியாக்கள் லக்டோஸில் நாலில் ஒரு பங்களவு தின்றுவிடுகின்றன. மிச்சத்தை வெட்டும் நொதியமும் அவற்றிடம் இருக்கிறது. அவை உயிரோடு உங்கள் குடலுக்குள் போய், நீங்கள் சுரக்காத லக்டேஸின் வேலையைச் செய்துகொடுக்கின்றன. தம்புள்ளைப் பாதையில் மண்சட்டியில் விற்கும் எருமைத்தயிர் உங்களுக்கு நல்ல உணவு. எருமைப்பாலில் பசுப்பாலைவிடக் கல்சியம் கூட. ஒரு நாள் வைத்துப் புளித்த தயிர் இன்னும் இலகு. கித்துள் பாணி ஊற்றிச் சாப்பிடுவதிலும் தடை இல்லை, சீனி வருத்தம் இல்லாதவரை. ஆனால் தயிரைக் கொதிக்க வைத்து மோர்க்குழம்பு செய்தால் அந்த உயிருள்ள உதவி செத்துவிடும். அப்போது அளவைப் பாருங்கள். நெய்யில் லக்டோஸ் இல்லையென்றே சொல்லலாம். பட்டரில் மிகக் குறைவு. பழுத்த கட்டிச் சீஸிலும் அப்படித்தான்.

இங்கே கொஞ்சம் நின்று நம் அடுப்படியைப் பாருங்கள். சொதி தேங்காய்ப்பாலில் வைக்கிறோம். இலைக்கஞ்சி தேங்காய்ப்பாலில். சிங்கள வீட்டார் புத்தாண்டுக்குச் செய்யும் கிரிபத்தைப் பாற்சோறு என்கிறோம், ஆனால் அதில் இருப்பதும் தேங்காய்ப்பால். நோன்புப் பெருநாளுக்குப் பக்கத்து முஸ்லிம் வீட்டிலிருந்து வரும் வட்டிலப்பமும் தேங்காய்ப்பால், கருப்பட்டி, முட்டை. இவை ஒன்றிலும் ஒரு துளி லக்டோஸ் கிடையாது. இந்தத் தீவின் சமையல் பெரும்பாலும் மாட்டுப்பால் இல்லாமலே நிறைவாக வளர்ந்தது. அடுக்குச் சாமான்களுக்கு நடுவே பால்மாப் பைக்கற்று வந்து உட்கார்ந்தது பின்னாளில்தான். அதிலும் பெரும்பகுதி நியூசிலாந்திலிருந்து கப்பலில் வருகிறது. 2021 இலும் 2022 இலும் அதற்காக எத்தனை தாய்மார் வரிசையில் நின்றார்கள் என்பது உங்களுக்கும் நினைவிருக்கும். அந்த நாட்களில், பிள்ளைக்குப் பால்மா வாங்க முடியவில்லை என்று என் முன்னால் அழுத பெண்களை மறக்க முடியவில்லை. பால்மா இல்லாவிட்டால் பிள்ளை வளராது என்று அவர்கள் உறுதியாக நம்பினார்கள். அந்தப் பயத்தை யாராவது முன்பே நீக்கியிருக்க வேண்டும்.

எலும்புக்கு வேண்டியது கல்சியம். பால் அதற்கு ஒரு வழி, ஒரே வழி இல்லை. உங்கள் வயதில் நாளுக்கு 1000 மில்லிகிராம் அளவு தேவை. 200 மில்லிலீற்றர் பாலில் கிடைப்பது 240 மில்லிகிராம். நூறு கிராம் குரக்கன் மாவில் 340க்குக் குறையாது; ஐம்பது கிராம் மாவில் தட்டிய ஒரு ரொட்டியில் 170. தோலோடு வறுத்த எள்ளு ஒரு மேசைக்கரண்டியில் 90 அளவு. கலேவெல, லக்கலைப் பக்கத்துச் சேனைகளில் விளையும் குரக்கனும் எள்ளும் உங்கள் சந்தைக்கே வருகின்றன. பாலிலிருந்து சேர்வதைவிட தானியத்திலிருந்து உடம்பில் சேரும் பங்கு குறைவு என்பது உண்மை. அதனால் ஒன்றையே நம்பாமல் கலந்து சாப்பிடுங்கள்: முள்ளோடு மென்று தின்னும் நெத்தலி, முருங்கையிலைச் சுண்டல், ஒரு கோப்பைத் தயிர். இத்தனையும் வாரத்தில் பல நாள் இருந்தால் பால் தேத்தண்ணியை விட்ட இடம் வெறுமையாக இருக்காது. பாடசாலைக்கும் பஸ்ஸுக்கும் நடக்கும் வெயிலில் வைட்டமின் டி கிடைக்கிறது, குடைக்குள்ளேயே ஒளியாமல் இருந்தால்.

மகனைப் பற்றி. நம் பிள்ளைகளுக்கு லக்டேஸ் குறைந்துவரும் பருவத்தில்தான் அவன் இருக்கிறான், அதனால் உங்கள் சந்தேகம் சரியாக இருக்கலாம். மூக்கைப் பிடித்துப் பால் ஊட்டாதீர்கள். ஒரேயடியாக நிறுத்தவும் வேண்டாம். வளரும் பிள்ளைக்கு உங்களைவிடக் கல்சியம் கூடத் தேவை. காலைக் கிளாஸை நிறுத்தி, சாப்பாட்டுக்குப் பிறகு சிறு கிளாஸ், பின்னேரம் தயிர் என்று மாற்றிப் பாருங்கள். எடை சரியாக ஏறுகிறதா என்று கவனியுங்கள். ஒரு வேறுபாட்டை மறக்க வேண்டாம்: பால் பட்டதும் உடம்பில் தடிப்பு, உதடு வீக்கம், மூச்சுத் திணறல் வந்தால், அது பாற்புரத ஒவ்வாமை. அதற்குக் கொஞ்சம் பாலும் ஆபத்து, உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். வயிற்றோட்டம் வந்த பிள்ளைக்குச் சில வாரம் லக்டேஸ் குறைவதும் வழக்கம், குடலின் உட்சுவர் ஆறியதும் திரும்பிவிடும். அந்தக் காலத்தில் கைக்குழந்தைக்குத் தாய்ப்பாலை நிறுத்தவே கூடாது. ஜீவனிக் கரைசலும் தாய்ப்பாலும் தொடரட்டும்.

உங்களிடமும் சிலவற்றைக் கேட்க வேண்டும். மலத்தில் இரத்தம் போகிறதா? காரணமில்லாமல் உடம்பு மெலிகிறதா? இரவில் தூக்கத்திலிருந்து எழுப்பி ஓட வைக்கிறதா? இரத்தச்சோகை என்று சொன்னார்களா? இதில் ஒன்றுக்கேனும் ஆம் என்றால், லக்டோஸ் என்று முடிவுகட்டிவிட்டு வீட்டில் இருக்காதீர்கள். மாத்தளை மாவட்டப் பொது வைத்தியசாலை கிளினிக்குக்குப் போய்க் காட்டுங்கள். பத்து வருடமாகக் குடித்த கெஸ்ட்ரைட்டிஸ் மருந்து இன்னும் தேவையா என்பதையும் அங்கேயே கேட்டு முடிவெடுங்கள், நீங்களாக நிறுத்த வேண்டாம்.

கடைசியாக மாமி. இந்தக் கேள்வியை நீங்கள் ஒரே வரியில் கேட்டிருக்கிறீர்கள். எனக்கோ இதுதான் உங்கள் கடிதத்தின் பெரிய கேள்வியாகத் தெரிகிறது.

நான் வைத்தியத்துக்கு வந்த முதல் வருடங்களில் ரத்தோட்டைப் பக்கத் தோட்டங்களுக்குப் போவேன். லயத்தில் எந்த வீட்டுக்குப் போனாலும் உட்கார வைத்து எனக்குப் பால் தேத்தண்ணி தருவார்கள். வீட்டுக்காரர் குடிப்பது வெறுந்தேத்தண்ணி, ஒரு கடி வெல்லத்தோடு. நாள் முழுக்கக் கொழுந்து பறித்த கை, பிள்ளைக்கு வைத்திருந்த பால்மாவைக் கரைத்து எனக்குக் கொடுத்தது. வேண்டாம் என்று எப்படிச் சொல்வேன்? குடித்துவிட்டு, திரும்பும் வழியெல்லாம் வயிற்றைப் பிடித்துக்கொண்டு வந்த நாட்கள் உண்டு. நம் மக்களிடம் பால் தேத்தண்ணி என்பது மரியாதை. வெறுந்தேத்தண்ணி இல்லாமையின் அடையாளம் என்று மனதில் பதிந்திருக்கிறது. உங்கள் மாமி விடியற்காலையில் எழுந்து, மருமகள் வேலைக்குப் போகிறாள் என்று இரண்டு கரண்டி குவித்துப் போடுகிறாரே, அது அவருடைய பாசம். அந்தக் கோப்பையைத் தள்ளினால் தன்னையே தள்ளியதாக அவர் நினைக்கக்கூடும்.

நான் பிறகு ஒரு வழி கற்றுக்கொண்டேன். வேண்டாம் என்று சொல்வதற்குப் பதிலாக, வேறொன்றைக் கேட்டு வாங்கினேன். “அம்மா, இஞ்சி தட்டிப் போட்டு ஒரு பிளேன்டீ தாங்களேன், பால் என் வயிற்றுக்கு ஒத்துக்கொள்வதில்லை” என்றால், அந்த அம்மா எழுந்து இஞ்சி தேடுவார். கொடுக்கும் மகிழ்ச்சி அவருக்கும் குறையாது. நீங்களும் காலை அவசரத்தில் சொல்லாமல், ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் மாமியின் பக்கத்தில் உட்கார்ந்து பஸ்ஸில் படும் பாட்டை உள்ளபடி சொல்லுங்கள். பத்து வருடமாக அவருக்குத் தெரியாமல் மறைத்த வேதனை அது. தெரிந்தால் கோபப்பட மாட்டார், கலங்குவார். பிறகு கேளுங்கள்: “மாமி, காலையில் எனக்கு இஞ்சித் தேத்தண்ணியும், வாரத்தில் இரண்டு நாள் குரக்கன் ரொட்டியும் செய்து தருவீங்களா?” குரக்கன் ரொட்டி சுடுவதில் உங்களைவிட அவர் கை தேர்ந்தவராக இருப்பார். ரொட்டியும் தேத்தண்ணியும் ஒரே நேரத்தில் வேண்டாம். தேயிலைச் சாயம் உணவிலுள்ள இரும்புச்சத்தைச் சேரவிடாது. ஒரு மணி நேரம் இடைவெளி விடுங்கள்.

மாத்தளை முத்துமாரியம்மன் கோயில் மாசிமகத் தேருக்கு நீங்கள் போவீர்கள் என்று நினைக்கிறேன். அபிஷேகப் பால் உள்ளங்கையளவு தீர்த்தமாகக் கிடைக்கும், தாராளமாக வாங்கிக் குடியுங்கள். அன்னதானப் பாயாசத்தைச் சோறு சாப்பிட்ட பிறகு, ஒரு சிறு கோப்பையோடு நிறுத்திக்கொள்ளுங்கள். வீட்டில் பொங்கலுக்கு, பொங்கி வழிய ஒரு கரண்டி பசுப்பாலும் மீதிக்குத் தேங்காய்ப்பாலும் விட்டால் முழுக் குடும்பமும் பயமில்லாமல் சாப்பிடலாம். நம் மலையகத்தில் பல வீடுகளில் ஏற்கெனவே அப்படித்தான் பொங்குகிறார்கள். மாமிக்கும் அது தெரிந்திருக்கும், கேட்டுப் பாருங்கள்.